மேக்கில் பெயர் அடித்தால் திறக்கிறது, விண்டோஸ் 7-இல் திறக்கவில்லை: உள் வலையில் பெயரை யார்தான் முகவரியாக மாற்றுகிறார்கள்?

கதிர்_அச்சகம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அச்சகத்தில் டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு மெஷின் இருக்கிறது. வேலைக் கோப்புகள் எல்லாம் அதில்தான், சாம்பா (லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்கும் பகிரும் மென்பொருள்) வழியாகப் பகிர்கிறோம். அதன் பெயர் பிரஸ்-மெயின்-ஸ்டோரேஜ். வடிவமைப்புக்கு ஒரு மேக், பில் போட ஒரு விண்டோஸ் 7 (அந்த பில்லிங் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது), புரூஃப் பார்க்க உபுண்டு டெஸ்க்டாப் ஒன்று. எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில்.

மேக்கில் பெயரோடு டாட் லோக்கல் சேர்த்து அடித்தால் உடனே திறக்கிறது. விண்டோஸ் 7-இல் பெயரை எப்படி அடித்தாலும் "கண்டுபிடிக்க முடியவில்லை". உபுண்டுவில் நிலைமை இன்னும் குழப்பம்: பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் பதில் வருகிறது, என்எஸ்லுக்கப் (பெயருக்கு முகவரி கேட்கும் கட்டளை) கொடுத்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. ஒரே மெஷினில் ஒரு கட்டளைக்குத் தெரிந்த பெயர் இன்னொரு கட்டளைக்கு எப்படித் தெரியாமல் போகும்?

192.168.1.20 என்று முகவரியை அடித்தால் எல்லாவற்றிலும் திறக்கிறது. ஆகவே கேபிளிலும் பகிர்விலும் கோளாறு இல்லை. பெயர் மட்டும்தான் பிரச்சினை.

நெட்_மணி:

எல்லா மெஷினிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள் தம்பி. முகவரி, ஒரு இடைவெளி, பெயர். விண்டோஸில் அது சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், எட்சி கோப்புறையில் இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் நேராக எட்சி கோப்புறையில். அட்மின் உரிமையோடு திறந்து சேமிக்க வேண்டும். வேலை முடிந்தது.

லினக்ஸ்_செல்வி:

மணி அண்ணா சொன்ன வழி வேலை செய்யும். ஆனால் கதிர் கேட்டிருப்பது "ஏன்" என்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒட்டுப்போட்டால் அடுத்த மெஷின் வரும்போது மறுபடி இதே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். முதலில் உபுண்டுவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பெயரைக் கொடுத்தால் முகவரி தருகிற ஒரே ஒரு பொறிமுறை எந்தக் கணினியிலும் இல்லை. பல இருக்கின்றன, கணினி அவற்றை வரிசையாகக் கேட்கிறது. லினக்ஸில் அந்த வரிசை எட்சி கோப்புறையில் என்எஸ்ஸ்விட்ச் என்ற கோப்பில் எழுதியிருக்கும். அதில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். உபுண்டு டெஸ்க்டாப்பில் வழக்கமாக முதலில் "ஃபைல்ஸ்", அதாவது ஹோஸ்ட்ஸ் கோப்பு. அடுத்து "எம்டிஎன்எஸ்4_மினிமல்", அதாவது டாட் லோக்கல் பெயர்களை உள் வலையிலேயே கேட்டுப் பார்ப்பது. அதற்கும் பிறகுதான் டிஎன்எஸ், அதாவது பெயருக்கு முகவரி சொல்லும் சர்வரைக் கேட்பது. பிங், பிரௌசர், கோப்பு மேலாளர் எல்லாம் சி நூலகத்தின் (நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படை நூலகம்) வழியாக இந்த வரிசையில் போகின்றன.

என்எஸ்லுக்கப்பும், அதைப் போன்ற டிக் கட்டளையும் அந்த வழியில் போவதே இல்லை. அவை டிஎன்எஸ் சர்வரைச் சோதிப்பதற்கென்றே எழுதப்பட்ட கருவிகள். ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, என்எஸ்ஸ்விட்ச்சைப் பார்க்காது, நேரே டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். உங்கள் பெயர் டிஎன்எஸ்ஸில் இல்லை, அதனால் "இல்லை" என்கிறது. இரண்டு கட்டளையும் உண்மையைத்தான் சொல்கின்றன, கேட்ட இடம்தான் வேறு.

அதனால் உள் வலைப் பெயரைச் சோதிக்க என்எஸ்லுக்கப்பை நம்பாதீர்கள். லினக்ஸில் "கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்" என்று போட்டுப் பெயரைக் கொடுத்தால், நிரல்கள் கேட்கிற அதே வரிசையில் கேட்டுச் சொல்லும். விண்டோஸிலும் இதே கதைதான்: அங்கே என்எஸ்லுக்கப் டிஎன்எஸ்ஸோடு நின்றுவிடும், பிங் எல்லா வழியையும் முயன்று பார்க்கும். இணையத்தில் பாதிப் பேர் என்எஸ்லுக்கப் முடிவை ஒட்டிவிட்டு "டிஎன்எஸ் பழுது" என்று எழுதுகிறார்கள். பழுதான இடம் பெரும்பாலும் அது இல்லை.

கதிர்_அச்சகம்:

அக்கா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. கெட்என்ட் முகவரியைச் சரியாகக் காட்டுகிறது. சரி, உபுண்டு புரிந்துவிட்டது. விண்டோஸ் 7?

பழைய_வலை:

விண்டோஸ் 7-இல் கட்டளைச் சாளரத்தைத் திறந்து என்பிடிஸ்டாட் என்று அடித்து, பெரிய ஏ விருப்பத்தோடு 192.168.1.20 கொடுங்கள். வருகிற பட்டியலை அப்படியே இங்கே எழுதுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கதிர்_அச்சகம்:

பெயர் என்ற இடத்தில் "பிரஸ்-மெயின்-ஸ்டோர்" என்று வருகிறது சார். கடைசி மூன்று எழுத்தைக் காணோம். மூன்று வரி இருக்கிறது, பக்கத்தில் 00, 03, 20 என்று எண்கள். வொர்க்குரூப் பெயரும் இருக்கிறது.

பழைய_வலை:

அதுதான். உங்கள் மெஷினின் பெயர் ஆங்கிலத்தில் அடித்தால் கோடுகளையும் சேர்த்து 18 எழுத்து. விண்டோஸ் உள் வலையில் பெயர் தேடும் பழைய முறையான நெட்பயாஸில் பெயருக்கு இடம் 15 எழுத்துதான்.

நெட்பயாஸ் 1983-இல் ஐபிஎம்மின் பிசி நெட்வொர்க்குக்காக சைடெக் நிறுவனம் எழுதியது. அப்போது ஓர் அலுவலகத்தில் சில டஜன் கணினிகள் இருந்தாலே பெரிய வலை. பெயருக்கு 16 பைட் ஒதுக்கினார்கள். மைக்ரோசாஃப்ட் அதில் கடைசி பைட்டை "இது என்ன சேவை" என்று குறிக்க எடுத்துக்கொண்டது. நீங்கள் பார்த்த 00 என்பது கணினியின் பெயர், 20 என்பது கோப்புப் பகிர்வு. மீதி 15. 1987-இல் இதையே ஐபி வலையின் மேல் ஓட்டுவதற்கு ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 1001, 1002 வந்தன. யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் பாக்கெட் அனுப்பும் முறை) 137-ஆம் போர்ட்டில் "இந்தப் பெயர் யாருடையது" என்று வலை முழுவதற்கும் ஒரு பாக்கெட் போகும், உரியவர் பதில் சொல்வார். இன்றைக்கு உங்கள் விண்டோஸ் 7 செய்வதும் இதேதான்.

சாம்பா தன் பெயரை 15-இல் வெட்டிப் பதிந்துகொண்டது. நீங்கள் 18 எழுத்தை அடித்தீர்கள். 15-க்கு மேல் போனால் விண்டோஸ் நெட்பயாஸ் வழியில் கேட்காது. டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயர் இல்லை. விண்டோஸ் 7-க்கு மிஞ்சியிருப்பது எல்எல்எம்என்ஆர், அதாவது அதே வலையில் உள்ளவர்களையே கேட்கும் முறை. டெபியனில் அதற்குப் பதில் சொல்ல நீங்கள் எதையும் இயக்கவில்லை. டாட் லோக்கல் சேர்த்தாலும் பயன் இல்லை, டாட் லோக்கல் பெயர்களைத் தேடும் எம்டிஎன்எஸ் விண்டோஸ் 7-க்குத் தெரியாது. விண்டோஸ் 10-இல்தான் அது உள்ளேயே வந்தது.

இப்போது விண்டோஸ் 7-இல் வெட்டிய பெயரையே அடித்துப் பாருங்கள். திறக்கும்.

கதிர்_அச்சகம்:

திறந்துவிட்டது சார்! கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறது, ஆனால் திறக்கிறது.

பழைய_வலை:

தாமதத்துக்கும் காரணம் உண்டு. விண்டோஸ் முதலில் டிஎன்எஸ்ஸைக் கேட்டு "இல்லை" வாங்கி, எல்எல்எம்என்ஆரில் கேட்டுக் காத்திருந்து, கடைசியில்தான் நெட்பயாஸுக்கு வருகிறது. நெட்பயாஸ் கேள்வி பதில் வராவிட்டால் 750 மில்லி விநாடி இடைவெளியில் மூன்று தடவை போகும். இல்லாத பெயரை அடித்தால் பிழைச் செய்தி வர ஏன் இத்தனை நேரம் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

மெஷினுக்குச் சின்னப் பெயர் வையுங்கள். ஆங்கில எழுத்து, எண், நடுவில் வேண்டுமானால் சிறு கோடு. அடிக்கோடு வேண்டாம், விண்டோஸ் ஒத்துக்கொண்டாலும் வேறு சில நிரல்கள் அதை ஹோஸ்ட் பெயராக ஏற்காது.

நெட்_மணி:

இத்தனை புரோட்டோகால், இத்தனை போர்ட். நான் சொன்ன ஒரு வரி ஹோஸ்ட்ஸ் கோப்பில் இதில் ஒன்றுமே தேவையில்லை. எந்த இயங்குதளத்திலும் அதுதான் முதலில் பார்க்கப்படும். வலையில் ஒரு பாக்கெட்கூடப் போகாது. யாரும் நடுவில் புகுந்து பொய்ப் பதில் சொல்ல முடியாது. நாலு மெஷினுக்கு இதைவிட என்ன வேண்டும்?

லினக்ஸ்_செல்வி:

நாலு மெஷின், நிலையான முகவரி, எதுவும் மாறாது என்றால் நீங்கள் சொல்வது சரி அண்ணா. ஆனால் இணையமே அந்த வழியில்தான் தொடங்கி அதை விட்டு வெளியே வந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் புதிய கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். வலை பெரிதானபோது அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை முன்வைத்ததற்கு அதுவே காரணம்.

அச்சகத்தில் அந்த அளவு வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன்? ரூட் (முழு அட்மின் உரிமை பெறுதல்) செய்யாத போனில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொட முடியாது. பிரிண்டரில் முடியாது. முகவரியை மாற்றிவிட்டு ஒரு மெஷினில் பழைய வரியை விட்டுவிட்டால், அது வருடக்கணக்கில் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும், முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதாலேயே. சோதிக்க வருபவர் கடைசியில்தான் அங்கே தேடுவார்.

மேக்கில் ஏன் எதுவும் செய்யாமலே திறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் 2002-இல் மேக் ஓஎஸ் டென் 10.2-உடன் ராண்டேவூ என்று ஒன்றைக் கொடுத்தது. வணிகப் பெயர்த் தகராறால் 2005-இல் அது பான்ஜூர் ஆனது. உள்ளே ஓடுவது எம்டிஎன்எஸ். ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் க்ரோச்மாலும் எழுதி 2013-இல் ஆர்எஃப்சி 6762 ஆக வெளிவந்தது. லினக்ஸில் இதைச் செய்வது அவாஹி. உங்கள் டெபியனில் அது ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் மேக்குக்கும் உபுண்டுவுக்கும் பதில் கிடைத்தது.

வேலை செய்யும் விதம் அழகானது. தெருமுனையில் நின்று "கதிர் வீடு எது?" என்று கூப்பிட்டால் கதிரே வெளியே வந்து "இதுதான்" என்பது போல. நடுவில் பதிவேடு வைத்திருப்பவர் யாரும் இல்லை. 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) முகவரிக்கு, யூடிபி 5353-இல் கேள்வி போகும். அந்தப் பெயருக்கு உரிய மெஷின் பதில் சொல்லும், பதிலும் எல்லோர் காதிலும் விழும்படியே போகும். மற்றவர்களும் குறித்துக்கொள்வார்கள், மறுபடி கேட்க வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒரு மெஷின் தன் பெயரைப் பிடிக்கும் முறை. எழுந்தவுடன் அது "நான்தான் ஸ்டோர்" என்று அறிவித்துவிடாது. முதலில் 250 மில்லி விநாடி இடைவெளியில் மூன்று தடவை "ஸ்டோர் என்று யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்கும். யாரும் இல்லையென்றால்தான் அறிவிப்பு. இருந்தால் தானே ஒதுங்கி ஸ்டோர்-2 ஆகிவிடும். உங்கள் மேக்கின் பெயருக்குப் பின்னால் திடீரென்று 2 முளைத்தால் இதுதான் நடந்திருக்கிறது. அணையும்போது ஆயுள் பூஜ்யம் என்று ஒரு விடைபெறும் செய்தியும் அனுப்பும். மின்சாரம் போய் அணைந்தால் அனுப்ப முடியாது, அதற்காகத்தான் முகவரிப் பதிவின் ஆயுளை 120 விநாடி என்று குறைவாக வைத்திருக்கிறார்கள்.

காவல்_கண்:

செல்வி அவர்கள் "யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம்" என்ற பக்கத்தை மென்மையாகக் கடந்துவிட்டார். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அலுவலக வலைகளைச் சோதிப்பது என் வேலை.

விண்டோஸில் ஒருவர் சர்வர் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிடுகிறார் என்று வையுங்கள். டிஎன்எஸ் "இல்லை" என்கிறது. விண்டோஸ் விடாமல் எல்எல்எம்என்ஆரில் (யூடிபி 5355, மல்டிகாஸ்ட் முகவரி 224.0.0.252), அப்புறம் நெட்பயாஸில், அதே வலையில் இருக்கும் எல்லோரையும் கேட்கிறது. அங்கே தீய நோக்கத்தோடு இருக்கும் ஒரு மெஷின் "நான்தான் அது" என்று பதில் சொல்கிறது. விண்டோஸ் அதை நம்பி இணைகிறது, இணைந்ததும் பயனரைக் கேட்காமலே என்டிஎல்எம் என்ற விண்டோஸ் அடையாளச் சரிபார்ப்பு முறையில் உள்நுழைய முயல்கிறது. அந்தச் சான்றுத் தரவு இப்போது எதிரியின் கையில். கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் அதை வெளியே எடுத்துப்போய் உடைத்துவிடலாம். இதற்கென்றே ரெஸ்பாண்டர் என்ற கருவி பொதுவெளியில் கிடைக்கிறது. உள்வலைச் சோதனைக்குப் போகும் எவரும் முதலில் ஓட்டிப் பார்க்கும் கருவிகளில் அதுவும் ஒன்று.

அதனால் எல்எல்எம்என்ஆர் தேவையில்லாத இடத்தில் அதை நிறுத்திவிடுங்கள். குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள்) டிஎன்எஸ் கிளையன்ட் பகுதியில் மல்டிகாஸ்ட் பெயர்த் தேடலை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. நெட்பயாஸை வலை அட்டையின் ஐபிவி4 அமைப்பில் வின்ஸ் தாவலில் நிறுத்தலாம். மைக்ரோசாஃப்ட்டே 2022-இல் இந்த இரண்டையும் படிப்படியாகக் குறைத்து எம்டிஎன்எஸ் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டது. எம்டிஎன்எஸ்ஸிலும் பதிலைச் சரிபார்க்க வழி இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அது டாட் லோக்கலோடு எல்லை கட்டிக்கொள்கிறது. தவறாக அடித்த எல்லாப் பெயரையும் ஊர் முழுக்கக் கேட்பதில்லை.

கதிர்_அச்சகம்:

சார், நெட்பயாஸை நிறுத்தினால் என் விண்டோஸ் 7-க்கு வழியே இல்லையே? இப்போதுதான் அதில் திறக்க ஆரம்பித்தது.

தாழ்வாரம்:

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வேண்டியது வருகிறது. எல்லா மெஷினுக்கும், போனுக்கும், பழைய விண்டோஸுக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே மொழி சாதாரண டிஎன்எஸ். உள் வலைக்கு ஒரு சின்ன டிஎன்எஸ் வைத்துவிடுங்கள்.

சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் இதற்கென்றே பிறந்தது. டிஹெச்சிபியும் (மெஷின்களுக்கு முகவரி ஒதுக்கும் முறை) டிஎன்எஸ்ஸும் ஒரே நிரலில். பெரும்பாலான மெஷின்கள் முகவரி கேட்கும்போது தங்கள் பெயரையும் சேர்த்தே அனுப்புகின்றன. டிஎன்எஸ்மாஸ்க் அதைக் குறித்துக்கொண்டு, யாராவது அந்தப் பெயரைக் கேட்டால் பதில் சொல்கிறது. முகவரி தரும்போதே "உங்கள் வலையின் பின்னொட்டு இது" என்றும் சொல்லிவிடும். அதனால் விண்டோஸ் 7-இல் வெறுமனே ஸ்டோர் என்று அடித்தாலே விண்டோஸ் பின்னொட்டைச் சேர்த்து டிஎன்எஸ்ஸைக் கேட்கும், முதல் கேள்வியிலேயே பதில் வந்துவிடும். எல்எல்எம்என்ஆருக்கும் நெட்பயாஸுக்கும் போக வேண்டிய அவசியமே வராது. காவல்_கண் சொன்ன ஆபத்து குறைவதும் இதனால்தான்.

ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டர் என்றால் டிஎன்எஸ்மாஸ்க் உள்ளேயே இருக்கிறது. இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டிகளில் பலவற்றில் இந்த வசதி இருக்காது. அப்போது டெபியன் மெஷினிலேயே நிறுவி, பெட்டியில் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். இரண்டு டிஹெச்சிபி ஒரே வலையில் ஓடக் கூடாது. எது முந்துகிறதோ அது முகவரி கொடுத்துவிடும், காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். டிஹெச்சிபியில் டிஎன்எஸ் சர்வராக உங்கள் டிஎன்எஸ்மாஸ்க்கை மட்டும் கொடுங்கள். "அது விழுந்தால் கைகொடுக்கட்டும்" என்று இரண்டாவதாக 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ்) சேர்ப்பது பலருக்கும் பழக்கம். இரண்டாவது சர்வர் முதலாவது விழுந்தால் மட்டும்தான் கேட்கப்படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சில நிரல்கள் மாற்றி மாற்றிக் கேட்கும், சில எது வேகமோ அதைப் பிடித்துக்கொள்ளும். கூகுளிடம் உங்கள் ஸ்டோரைக் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்லும். "இல்லை" என்பதும் முழுமையான பதில்தான், அதற்குப் பிறகு அடுத்த சர்வரைக் கேட்க மாட்டார்கள். "சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறக்கவில்லை" என்று இங்கே வருகிற புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நெட்_மணி:

அப்படியானால் அந்த டெபியன் மெஷின் அணைந்தால் இணையமே போய்விடுமே? பில் போடுகிறவர் வாட்ஸ்அப் திறக்கவில்லை என்று கதிரைத்தான் பிடிப்பார். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை.

தாழ்வாரம்:

நியாயமான கேள்வி அண்ணா. ஆம், அந்த மெஷின் எப்போதும் ஓட வேண்டும். அச்சகத்தில் அது அணைந்தால் கோப்பும் கிடைக்காது, வேலை எப்படியும் நிற்கும். இருந்தாலும் என் விருப்பம் ரவுட்டரில் வைப்பதே. ரவுட்டர் போனால் இணையமும் போகும், கூடுதலாக ஒன்றை இழக்க மாட்டோம். முடிந்தால் ஓபன்டபிள்யூஆர்டி ஓடக்கூடிய ஒரு சின்ன ரவுட்டரை வாங்கிவிடுங்கள் கதிர்.

பின்னொட்டாக டாட் லோக்கல் வைக்காதீர்கள். அது எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. மேக் அந்தப் பெயர்களை மல்டிகாஸ்டில் கேட்கும், விண்டோஸ் 7 டிஎன்எஸ்ஸில் கேட்கும், ஒரே பெயருக்கு இரண்டு பதில் வரும். முன்பு பல அலுவலகங்களில் விண்டோஸ் டொமைனுக்கே டாட் லோக்கல் என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு மேக் வந்தபோது திண்டாடினார்கள். வீட்டு வலைக்கென்று 2018-இல் ஆர்எஃப்சி 8375 ஹோம்.அர்ப்பா என்ற பெயரை ஒதுக்கியது. 2024 ஜூலையில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு டாட் இன்டர்னலை உள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கி, இனி வெளி இணையத்தில் அது வராது என்று முடிவு செய்தது. அலுவலகத்துக்கு நான் டாட் இன்டர்னலையே சொல்வேன்.

கதிர்_அச்சகம்:

இதுவரை செய்தது: மெஷின் பெயரை ஸ்டோர் என்று மாற்றினேன். ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் ஒன்று வாங்கி, ஸ்டோருக்கு 192.168.1.20-ஐயே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். பின்னொட்டு பிரஸ்.இன்டர்னல். விண்டோஸ் 7-இல் ஸ்டோர் என்று அடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் திறக்கிறது. உபுண்டுவில் இப்போது என்எஸ்லுக்கப்பும் சரியான முகவரி சொல்கிறது. மேக்கில் டாட் லோக்கலும் போகிறது, டாட் இன்டர்னலும் போகிறது.

இரண்டு இடம் மட்டும் இடிக்கிறது. என் ஆண்ட்ராய்டு போனில் ஸ்டோர்.பிரஸ்.இன்டர்னல் திறக்கவில்லை, தம்பியின் போனில் திறக்கிறது. இரண்டும் ஒரே வைஃபை. இன்னொன்று, வாடிக்கையாளர் வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் டாட் லோக்கல் தெரியவில்லை.

லினக்ஸ்_செல்வி:

உங்கள் போனில் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். அதில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தால் போன் எல்லாக் கேள்வியையும் மறையாக்கம் செய்து நேரே அங்கே அனுப்புகிறது, உங்கள் ரவுட்டரைக் கேட்பதே இல்லை. "தானியங்கி"க்கு மாற்றுங்கள். பிரௌசருக்குள்ளும் தனியாகப் பாதுகாப்பான டிஎன்எஸ் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதையும் பாருங்கள். இன்னொன்று: பிரௌசரில் ஸ்டோர் என்று ஒற்றைச் சொல்லை அடித்தால் அது தேடுபொறிக்குப் போய்விடும். கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தால் முகவரி என்று புரிந்துகொள்ளும்.

வாடிக்கையாளர் வைஃபை விஷயத்தில் எதையும் சரிசெய்ய வேண்டாம் என்றே சொல்வேன். 224.0.0 என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் முகவரிகள் அந்த வலையை விட்டு வெளியே போகாது, எந்த ரவுட்டரும் தாண்டி அனுப்பாது. வாடிக்கையாளர் வைஃபை தனி வலை, தனியாகவே இருக்கட்டும். உங்கள் ஆட்களுக்கே இரண்டு வலைகள் இருந்து நடுவில் பெயர் தெரிய வேண்டுமென்றால் அவாஹியில் ரிஃப்ளெக்டர் என்ற அமைப்பு இருக்கிறது, ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் திருப்பிச் சொல்லும். அப்போதும் ஃபயர்வாலில் உண்மையான இணைப்புக்குத் தனியாக வழி விட வேண்டும். பெயர் கிடைப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு.

ஒரே வைஃபையில் இருந்தும் டாட் லோக்கல் சில நேரம் மட்டும் வேலை செய்தால் அது வேறு நோய். வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட் கிடைத்ததா என்று யாரும் ஒப்புகை தருவதில்லை, தொலைந்தால் தொலைந்ததுதான். சில அணுகுமுனைகளில் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும், அதில் எம்டிஎன்எஸ் அடியோடு போய்விடும்.

நெட்_மணி:

ஒரு சந்தேகம். விண்டோஸ் 11-இல் நெட்வொர்க் சன்னலைத் திறந்தால் ஸ்டோர் வருவதில்லையாமே, பெயரை அடித்தால் திறக்கிறதாமே. இதுவும் பெயர்ப் பிரச்சினையா?

பழைய_வலை:

இல்லை மணி, அது வேறு வேலை. பெயருக்கு முகவரி கேட்பது ஒன்று, "யார் யார் இருக்கிறீர்கள்" என்று பட்டியல் கேட்பது இன்னொன்று. பழைய பட்டியல் எஸ்எம்பி (விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறை) முதல் பதிப்பைச் சார்ந்திருந்தது. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அதை நிறுவாமலே விடுகிறார்கள். இப்போது விண்டோஸ் பட்டியலுக்கு டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற முறையைப் பயன்படுத்துகிறது. டெபியனில் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன நிரலை நிறுவினால் ஸ்டோர் பட்டியலில் வந்துவிடும். அதற்காக எஸ்எம்பி முதல் பதிப்பைத் திரும்ப இயக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து கேட்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தீநிரல் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

கதிர்_அச்சகம்:

பிரைவேட் டிஎன்எஸ்தான் அக்கா. மாற்றியதும் திறந்துவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி, ஆசை என்றும் சொல்லலாம். இங்கே வேலை செய்பவர்கள் தமிழில்தான் வாசிப்பார்கள். ஸ்டோரிலிருந்து பகிரும் பிரிண்டருக்குத் தமிழிலேயே பெயர் வைத்தால் மேக்கிலும் உபுண்டுவிலும் வருமா?

லினக்ஸ்_செல்வி:

வரும்! ஹோஸ்ட் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் விடுங்கள். எம்டிஎன்எஸ் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகக் குறிக்கும் முறை) பெயர்களை நேரடியாக ஏற்கும், ஆனால் பிரௌசர்களும் சில நிரல்களும் அதை வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடும், கிடைக்காது. பிரிண்டர் பட்டியலில் மனிதர்கள் பார்க்கிற சேவைப் பெயர் வேறு. ஆர்எஃப்சி 6763 அதை இடைவெளியோடு, எந்த மொழியிலும் எழுதலாம் என்று திட்டமிட்டே அனுமதிக்கிறது.

எல்லை 63 பைட். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாகக் கணக்கில் வரும். "அலுவலகப் பிரிண்டர்" என்றால் 17 குறி, ஓர் இடைவெளி, மொத்தம் 52 பைட். பிரிண்டரைப் பகிரும் சியுபிஎஸ் மென்பொருள் இந்தப் பெயருக்குப் பின்னால் இடைவெளி, அட் குறி, இடைவெளி என்று மூன்றும், மெஷின் பெயரும் சேர்க்கும். ஸ்டோர் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, ஆக 60. உள்ளே அடங்கிவிடுகிறது. முன்னால் "முதல் மாடி" என்று சேர்த்தால் 89 ஆகி வெட்டுப்படும்.

சியுபிஎஸ்ஸில் வரிசைப் பெயர் என்ற இடத்தில் ஆங்கிலம், விவரம் என்ற இடத்தில் தமிழ். பட்டியலில் வருவது விவரம்தான். மாற்றியபின் உபுண்டுவில் அவாஹி-பிரௌஸ் கட்டளையை ஓட்டுங்கள். அது தமிழ் எழுத்துகளுக்குப் பதில் சாய்கோடும் எண்களுமாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், மேக்கின் பிரிண்டர் சன்னலில் தமிழ் சரியாகத் தெரியும்.